சைரன் ஒலிக்கும் ஊரில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு: ஏவுகணைத் தாக்குதலும் உங்கள் வீடும்

போர் நடக்கும் நாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ போய் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கேட்பது, "நாம் இருக்கும் கட்டடத்தின் மேலேயே விழுந்தால் என்ன ஆகும்?" என்பதுதான். நியாயமான பயம். ஆனால் அதற்கு நாம் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். 2023 ஜனவரி 14 அன்று உக்ரைனின் த்னிப்ரோ நகரில் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றை கேஎச்-22 ரக ஏவுகணை தாக்கியது. கப்பல்களை மூழ்கடிக்க வடிவமைத்த ஏவுகணை அது. கட்டடத்தின் ஒரு பகுதி மேலிருந்து கீழ்வரை சரிந்து, 46 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு அடியைச் சாதாரண அடுக்குமாடி எதுவும் தாங்காது.

ஆனால் குடியிருப்புப் பகுதியில் விழும் ஒவ்வொரு ஏவுகணைக்கும் நேரடி அடி வாங்கும் வீடுகள் சில; அதிர்வலையும் கண்ணாடியும் பறக்கும் சிதறலும் எட்டும் வீடுகள் பல. இந்தக் கட்டுரை அந்தப் பல வீடுகளில் இருப்பவர்களுக்காக. அவர்கள் கீறல் இல்லாமல் தப்புவதும் கண்ணை இழப்பதும் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது: வெடித்த நொடியில் வீட்டின் எந்த மூலையில் இருந்தார்கள். அந்த மூலையை இன்றைக்கே தேர்ந்தெடுத்துவிடலாம்.

முதலில், எது காயப்படுத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெடித்ததும் காற்றழுத்தம் ஒரு சுவர்போல எல்லாப் பக்கமும் பாய்கிறது. செவிப்பறை கிழிய ஏறத்தாழ 35 கிலோபாஸ்கல் அழுத்தம் வேண்டும். நுரையீரல் கெட அதைவிடப் பல மடங்கு வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கோ 7 கிலோபாஸ்கலுக்குக் குறைவாக இருந்தாலே போதும், நொறுங்கிவிடும். அதாவது, உங்கள் உடம்பை ஒன்றும் செய்யாத தூரத்தில் விழுந்த ஏவுகணையும் உங்கள் ஜன்னலைக் கத்திகளாக மாற்றி அறைக்குள் வீசும். வெளிச்சம் தெரிந்ததும் "என்ன அது?" என்று ஜன்னலுக்குப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். வெளிச்சம் உடனே வந்துவிடும்; அதிர்வலை கொஞ்சம் தாமதித்து வரும். அந்த இடைவெளியில் முகத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடியருகே வைப்பது மனித இயல்பு. அதைப் பழக்கத்தால்தான் மாற்ற முடியும்.

கண்ணாடிக்கு அப்புறம் உலோகச் சிதறல்கள், பெயர்ந்து விழும் கதவு, அலமாரி, மேற்கூரை. அதன் பிறகு தீ. ஏவுகணையை வானிலேயே சுட்டு வீழ்த்தினாலும் ஆபத்து தீர்ந்ததாக எண்ண வேண்டாம். உடைந்த துண்டுகள் எங்கேயோ விழுந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் ஊரில் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

இது ஊருக்கு ஊர் மாறும், எந்த ஆயுதம் என்பதைப் பொறுத்தும் மாறும். 1944 செப்டம்பரில் லண்டன்மேல் விழத் தொடங்கிய ஜெர்மனியின் வி-2 ஏவுகணைகள் ஒலியைவிட வேகமாக வந்தன. எச்சரிக்கையே கிடையாது, வெடித்த பிறகுதான் வந்த சத்தமே கேட்கும். இன்று ஏவுகணையை முன்கூட்டியே கண்டறியும் வசதிகள் இருப்பதால் நிலைமை மேல். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏவினால், மிக உயரம் எழும்பி வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணை வந்துசேரப் பத்து நிமிடம் அளவு ஆகும். விமானம்போலத் தாழப் பறந்து வரும் குரூஸ் ஏவுகணைக்கு அதே தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். எல்லையை ஒட்டிய ஊர்களில் கணக்கே வேறு: காசா எல்லையோர இஸ்ரேலிய ஊர்களில் ராக்கெட்டுக்குக் கிடைப்பது 15 விநாடி, ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள உக்ரைனின் கார்கிவில் பல நேரம் சைரனுக்கு முன்பே வெடிச்சத்தம் கேட்டுவிடும்.

ஆகவே உள்ளூர் அரசு சொல்லும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடிகாரம் வைத்து நடந்து பாருங்கள். பகலில் ஒருமுறை, இரவில், விளக்கில்லாமல், தூக்கத்திலிருந்து எழுந்து ஒருமுறை. வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களோடு சேர்ந்து. உங்களுக்கு 90 விநாடிதான் உண்டு, அடித்தள பதுங்குமிடம் போய்ச்சேர மூன்று நிமிடம் ஆகிறது என்றால், அந்தப் பதுங்குமிடம் உங்களுக்கானது அல்ல. படிக்கட்டில் பாதியில் மாட்டுவதைவிட வீட்டுக்குள்ளேயே நல்ல இடத்தில் இருப்பது மேல்.

அரசின் எச்சரிக்கைச் செயலியை ஃபோனில் போட்டதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ‘தொந்தரவு செய்யாதே’ நிலையிலும் அது ஒலிக்க அனுமதி கொடுங்கள்; பேட்டரி சேமிப்பு அதை நிறுத்திவிடாதபடி பாருங்கள். செயலி இருந்தும் இரவில் ஒலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முதல் தேர்வு, அதற்கென்றே கட்டிய பாதுகாப்பு அறையோ பதுங்குமிடமோ. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்த பிறகு, இஸ்ரேல் புதிதாகக் கட்டும் வீடுகளில் கனத்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட ஓர் அறையைக் கட்டாயமாக்கியது. கீயவ் நகரில் மெட்ரோ நிலையங்களே பதுங்குமிடமாகின. இப்படி ஏதாவது நேரத்துக்குள் எட்டும் தூரத்தில் இருந்தால் வேறு யோசனை வேண்டாம். பாதுகாப்பு அறை என்பதும் அதிர்வலை, சிதறல்களுக்காகக் கட்டியது. பெரிய ஏவுகணையின் நேரடி அடியை அது தாங்கும் என்று உறுதி இல்லை. இருந்தாலும் வீட்டிலுள்ள மற்ற எந்த இடத்தையும்விட அது பல மடங்கு மேல். பலர் அந்த அறையைச் சாமான் அறையாக்கி வைத்திருப்பார்கள். இன்றே காலி செய்யுங்கள்; கதவு முழுதாக மூடுகிறதா, உள்ளிருந்து திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, அடித்தளம். எல்லா அடித்தளமும் பதுங்குமிடம் ஆகிவிடாது. வெளியே வர இரண்டு வழி இருக்க வேண்டும். ஒன்று இடிபாட்டில் அடைபட்டால் மற்றது வேண்டும். சமையல் எரிவாயுக் குழாய், பெரிய தண்ணீர்க் குழாய், கொதிகலன் ஆகியவை உள்ள அடித்தளத்தைத் தவிர்ப்பது நல்லது. குழாய் உடைந்தால் மூடிய அடித்தளமே பொறியாகும்.

மூன்றாவது, இவை எதுவும் இல்லாதவர்களுக்கு: வீட்டின் நடுப்பகுதி. உக்ரைனில் மக்கள் ‘இரண்டு சுவர் விதி’ என்று ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். உங்களுக்கும் வெளியுலகுக்கும் இடையே குறைந்தது இரண்டு சுவர்கள் வேண்டும்: முதல் சுவர் அடியை வாங்கும், இரண்டாவது சிதறலைத் தடுக்கும். பெரும்பாலான வீடுகளில் இது ஜன்னலில்லாத நடைவழியாகத்தான் இருக்கும். அங்கே தரையோடு தரையாக உட்கார வேண்டும். தலைக்கு மேலே கண்ணாடிப் படம், பரண், கனமான அலமாரி எதுவும் கூடாது.

குளியலறையைப் பற்றிப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். சின்ன அறை, ஜன்னல் கிடையாது, ஆகவே பத்திரம் என்று தோன்றும். சுவர் முழுக்கப் பீங்கான் ஓடு, முகம் பார்க்கும் கண்ணாடி, பீங்கான் தொட்டி. அதிர்வில் இவை எல்லாமே சிதறலாகும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் போங்கள். சமையலறைக்கும் இதே பேச்சு, கூடவே எரிவாயு வேறு.

படிக்கட்டு விஷயத்தில் நாட்டுக்கு நாடு அறிவுரை வேறுபடுகிறது. கட்டடத்தின் உள்ளே, ஜன்னலில்லாமல், கான்கிரீட் சுவருக்குள் இருக்கும் படிக்கட்டை இஸ்ரேலில் பரிந்துரைக்கிறார்கள். பழைய செங்கல், முன்வார்ப்புப் பலகைக் கட்டடங்கள் நிறைந்த ஊர்களில் படிக்கட்டு முதலில் சரியும் என்று எச்சரிக்கிறார்கள். இரண்டும் அந்தந்தக் கட்டட வகைக்குச் சரி. இணையத்தில் வேறொரு நாட்டுக்காரர் போட்ட வீடியோவை நம்பி முடிவெடுக்காமல், உங்கள் ஊரின் குடிமைப் பாதுகாப்புத் துறை சொல்வதைக் கேளுங்கள். உச்சி மாடியைத் தவிர்ப்பதும் லிஃப்டில் ஏறாமலிருப்பதும் மட்டும் எங்கேயும் மாறாது.

தூங்கும் அறையைச் சரிசெய்யுங்கள்

தாக்குதல்கள் இரவில்தான் அதிகம் வரும், நாம் அசந்திருக்கும் நேரம். 1941இல் பிரிட்டன் மோரிசன் காப்பிடம் என்ற ஒன்றை வீடுகளுக்கு வழங்கியது. பார்த்தால் சாப்பாட்டு மேசை. உண்மையில் இரும்புத் தகடும் பக்கவாட்டில் கம்பிவலையும் கொண்ட கூண்டு. குடும்பம் அதற்குள்ளேயே படுத்துத் தூங்கும். தூங்குகிற இடமே காப்பிடமாக இருந்தால் எழுந்து ஓட வேண்டிய அவசியமே குறைகிறது என்ற அந்த யோசனை இன்றும் செல்லும். தாக்குதல் கடுமையாக இருக்கும் நாட்களில் மெத்தையை நடைவழியிலோ பாதுகாப்பு அறையிலோ போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் கட்டிலை ஜன்னலுக்கு எதிரே போடாமல், ஜன்னல் இருக்கும் சுவரையே ஒட்டிய மூலைக்குத் தள்ளுங்கள். கண்ணாடி பெரும்பாலும் அறைக்குள் நேராகப் பாயும்.

ஜன்னலில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவதைப் பழைய போர்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது கண்ணாடி உடைவதைத் தடுக்காது. சில துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான். சில நேரம் பெரிய துண்டாகப் பெயர்ந்து வரவும் செய்யும். கண்ணாடி முழுவதையும் மூடும் பாதுகாப்பு ஃபிலிம் நிஜமாகவே உதவும். அதுவும் கிடைக்கவில்லையா, கனத்த திரைச்சீலையை எப்போதும் இழுத்தே வையுங்கள்.

கட்டிலின் அருகே தடித்த அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ இருக்கட்டும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இருட்டில், தரையெங்கும் கண்ணாடி கிடக்கும்போது, வெறுங்காலோடு குழந்தையைத் தூக்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

கையோடு எடுக்கும் பை

இதைப் பற்றி எழுதாதவர் இல்லை, ஆகவே சுருக்கமாக. பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றின் அசலும் நகலும், தினசரி மருந்துகள், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வீதம் தண்ணீர், டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம், விசில், தூசிக்கு என்-95 முகக்கவசம். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரும் களிம்பும் இருந்து பயனில்லை. டூர்னிக்கெட் எனப்படும் இறுக்குப் பட்டையும் அழுத்திக் கட்டும் துணியும் இருக்க வேண்டும். பட்டையை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, போடப் பயிற்சி எடுங்கள். பல ஊர்களில் செஞ்சிலுவை அமைப்பினர் கற்றுத் தருகிறார்கள்.

சைரன் ஒலித்ததும்

1. அடுப்பை அணைத்து, செருப்பு போட்டு, பையை எடுங்கள். இவற்றைத் தவிர வேறெதற்கும் நிற்க வேண்டாம். நேரமே இல்லையென்றால் இவையும் வேண்டாம்.
2. வேகமாக நடங்கள், ஓட வேண்டாம். பதுங்குமிடத்துக்கு ஓடும்போது விழுந்து எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. 1991இல் இஸ்ரேலில் ஸ்கட் ஏவுகணை நேரடியாகக் கொன்றவர்களைவிட, மாரடைப்பாலும் நச்சுவாயு முகமூடியைத் தவறாக அணிந்து மூச்சுத் திணறியும் இறந்தவர்கள் அதிகம்.
3. உள்ளே போனதும் கதவை மூடி, ஜன்னலின் நேர்க்கோட்டிலிருந்து விலகி, தரையில் உட்காருங்கள். வெடிப்பு மிக அருகில் என்றால் குப்புறப் படுத்து, காதுகளைப் பொத்தி, வாயைச் சற்றே திறந்து வையுங்கள்.
4. அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை வெளியே வர வேண்டாம். ஒரு சத்தம் கேட்டு அடங்கியதும் "முடிந்தது" என்று கிளம்புவது தவறு. ஏவுகணைகள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வரும்.

வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கென்று ஒரு சின்ன வேலை கொடுங்கள்: டார்ச்சை எடுப்பது, கதவை எண்ணிக்கொண்டே மூடுவது, இப்படி ஏதாவது. வேலை உள்ள குழந்தை கொஞ்சம் குறைவாகப் பயப்படும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்தான்.

தெருவில் இருக்கும்போது சைரன் வந்தால் அருகிலுள்ள உறுதியான கட்டடத்துக்குள் நுழையுங்கள். கண்ணாடி முகப்புள்ள கடை ஆகாது. வண்டியில் இருந்தால் ஓரம் கட்டி இறங்கிவிடுங்கள். எரிபொருளும் கண்ணாடியும் நிறைந்த வண்டிக்குள் இருப்பது நல்லதல்ல. கட்டடமே இல்லாத இடமென்றால் பள்ளத்திலோ தாழ்ந்த சுவரின் பின்னாலோ தலையைக் கைகளால் மூடிப் படுத்துவிடுங்கள். சிதறல்கள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் விசிறுகின்றன. நிற்பவரைவிடப் படுத்தவர்மேல் படுவது மிகக் குறைவு.

புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் ஒவ்வொரு சைரனுக்கும் ஓடுவார்கள். மூன்றாவது மாதத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். நாற்பது முறை ஒன்றும் நடக்காவிட்டால் நாற்பத்தொன்றாவது முறை எழ மனம் வராது. யாரையும் குறை சொல்ல முடியாது. இதற்கு ஒரே வழி, அந்த நேரத்தில் முடிவெடுக்கிற வேலையையே விட்டுவிடுவது. "எந்த எச்சரிக்கைக்குப் போவோம், எதற்கு நடைவழியே போதும்" என்று பகலில், தெளிந்த மனத்தோடு வீட்டில் எல்லோரும் பேசி எழுதி ஒட்டிவிடுங்கள். பாலிஸ்டிக் ஏவுகணை என்று அறிவிப்பு வந்தால் விவாதமே கூடாது.

அருகில் விழுந்துவிட்டால்

முதலில் உங்களை, பிறகு பக்கத்திலிருப்பவரைத் தடவிப் பாருங்கள். அதிர்ச்சியில் வலி தெரியாமலே ரத்தம் போய்க்கொண்டிருக்கும். கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சியடித்தால் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல், இறுக்குப் பட்டையைப் போட்டு ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கடுமையாக வலிக்கும், அதனால் தளர்த்திவிட வேண்டாம். போட்ட நேரத்தைப் பட்டையிலோ நெற்றியிலோ எழுதுங்கள். கழுத்து, அக்குள், இடுப்பு மடிப்பில் பட்டை போட முடியாது. அங்கே சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து முழுப்பலத்தோடு அழுத்த வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும், ஆகவே ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்காமல் இதை நீங்களே செய்தாக வேண்டும்.

காயமே இல்லாமல் இருப்பவருக்கும் பின்னால் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருமலில் ரத்தமோ வரலாம். அதிர்வலை நுரையீரலைத் தாக்கியதன் அறிகுறி அது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். காதில் இரைச்சல் சில நாளில் அடங்காவிட்டாலும் அப்படியே.

எரிவாயு வாடை வந்தால் தீக்குச்சியும் வேண்டாம், மின்சுவிட்சும் வேண்டாம். டார்ச்சையும் வெளியே வந்த பிறகு போடுங்கள்.

இடிபாட்டுக்குள் சிக்கியவர் ஓயாமல் கத்தக் கூடாது: தூசி உள்ளே போகும், சக்தியும் போகும். வாயைத் துணியால் மூடிக்கொண்டு, குழாயிலோ சுவரிலோ இடைவெளி விட்டுத் தட்டுங்கள். இதற்காகத்தான் பையில் விசிலும் இருக்கிறது. மீட்புப் படையினர் இடையிடையே எந்திரங்களையெல்லாம் நிறுத்திவிட்டு அமைதியாகக் காது கொடுத்துக் கேட்பார்கள். வெளியே சட்டென்று அமைதியானால் அப்போது தட்டுங்கள், கூப்பிடுங்கள்.

வெளியே நிற்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. கான்கிரீட் பாளத்துக்கு அடியில் ஒருவரின் கால் வெகுநேரம் நசுங்கிக் கிடந்தால் அவசரப்பட்டு இழுத்து எடுக்க வேண்டாம். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியமும் கழிவுகளும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மருத்துவக் குழு முதலில் திரவம் ஏற்றும். எத்தனை மணியிலிருந்து சிக்கியிருக்கிறார் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

கூட்டம் கூட வேண்டாம். விழுந்த இடத்திலேயே சிறிது நேரம் கழித்து இரண்டாவது ஏவுகணை விழுந்து மீட்பாளர்களைக் கொன்ற நிகழ்வுகள் உக்ரைனில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதும் கூடாது. எங்கே விழுந்தது என்று காட்டும் படம் அடுத்த ஏவுகணையைக் குறிபார்க்க எதிரிக்கு உதவும். பல நாடுகளில் அது கைதாகும் குற்றம், வெளிநாட்டவர் என்றால் சிக்கல் இன்னும் பெரிது.

தரையில் கிடக்கும் உலோகத் துண்டு எதையும் தொடாதீர்கள். கொத்துக் குண்டு ரகமென்றால் வெடிக்காத சிறு குண்டுகள் பந்துபோல, டப்பாபோலக் கிடக்கும். குழந்தைகள் எடுப்பது அவற்றைத்தான். வந்த வழியே திரும்பி, அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வீட்டுக்குத் திரும்புவதும் பதிவு செய்வதும்

பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை விரிசல் விழுந்த கட்டடத்தில் தங்க வேண்டாம். புதிதாகக் கதவுகள் இறுகிப்போனால், தூணில் குறுக்காக விரிசல் இருந்தால், பொருளெடுக்கக்கூட உள்ளே போகாதீர்கள். சுத்தம் செய்யும்போது முகக்கவசமும் தடித்த கையுறையும் வேண்டும். பழைய கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஆகவே உலர்ந்த தூசியைப் பெருக்காமல் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.

தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடல், எரிச்சல் எல்லாம் முதல் சில வாரங்களில் வரும். பெரும்பாலோருக்கு மெல்லக் குறையும். நடந்ததை விலாவாரியாகச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அது உதவாது என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சாப்பாடு, தூக்கம், தெரிந்த முகங்கள், இவை முதலில். ஒரு மாதம் கழித்தும் வேலையோ படிப்போ ஓடவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

எதையும் அகற்றும் முன் படமெடுங்கள்: தெருவிலிருந்து கட்டடம் முழுவதும், பிறகு ஒவ்வொரு அறையும், பிறகு ஒவ்வொரு சேதமும். தேதி தெரியட்டும். இந்தப் படங்கள் இணையத்துக்கு அல்ல, உங்கள் கோப்புக்கு. காவல்துறையிலோ நகராட்சியிலோ எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் போர்ச் சேதத்தை விலக்கியே இருக்கும், அதை நம்பியிருக்க வேண்டாம். ஆனால் இழப்பீடு என்றாவது வரலாம், வரும்போது காகிதம் கேட்கும். 1990இல் குவைத்தை ஈராக் ஆக்கிரமித்ததில் இழந்தவர்களுக்காக ஐ.நா. அமைத்த ஆணையம் கடைசித் தவணையைக் கொடுத்து முடித்தது 2022 ஜனவரியில். மொத்தம் 5,240 கோடி டாலர். உக்ரைனுக்காக ஐரோப்பா கவுன்சில் (Council of Europe) 2023இல் தொடங்கிய சேதப் பதிவேடு, 2024 ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட முதல் வகையே குடியிருப்புச் சேதம்தான். வாடகைக்கு இருப்பவர்கள் இதையெல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அவர் கேட்கப்போவது சுவருக்கும் கூரைக்கும். உங்கள் லேப்டாப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் வேண்டிய ரசீதுகளை நீங்கள்தான் சேர்த்து, நகலை ஊரிலிருக்கும் குடும்பத்துக்கும் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பி வைக்க வேண்டும்.